மீட்டரில் தொண்ணூற்றேழு

போன மாதம் எங்கள் அறந்தாங்கி டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மும்பையில் ஏதோ ஒரு கண்காட்சி. நடுவில் மஞ்சள் கலரில் ஒரு இத்தாலிக் கார், சுற்றிலும் சிவப்புக் கயிறு, கயிற்றுக்கு வெளியே செல்போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம். அதற்குக் கீழே ஒரு தம்பி, "இது நம்ம செல்வராசு அண்ணன் வச்சிருந்த வண்டிதானே? ஓட்ட எப்படி இருந்துச்சுண்ணே?" என்று என்னைக் கேட்டிருந்தான். "நல்லா இருந்துச்சு" என்று பதில் போட்டுவிட்டேன். அது பாதி உண்மை. குழுவில் விடவில்லை, விவரமாக எழுதச் சொல்லி நச்சரித்தார்கள். ஓய்வு பெற்ற ஆளுக்கு வேறு என்ன வேலை, எழுதுகிறேன்.

நான் முப்பது வருடம் டிரைவர். அதில் முதல் இருபத்து நாலு வருடம் தனியார் பஸ். காலையில் பொன்னமராவதியில் எடுத்தால் புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, மறுபடி அதே வழியில் திரும்பணும். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் கண்ணாடி துடைத்தேன். மூன்றாவது வருடம் ஸ்டாண்டுக்குள் பின்னால் எடுக்க விட்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த கொஞ்ச நாளில் டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது, அத்தோடு பயிற்சி முடிந்தது. எங்கள் பஸ்ஸில் கிலோமீட்டர் மீட்டர் நான் சேர்வதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. இருபத்து நாலு வருடத்தில் அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்தது. இனி பஸ் வேண்டாம் என்றார் டாக்டர். அப்போதுதான் கருப்பையா அண்ணன் டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில், ரோட்டை விட்டு அரை கிலோமீட்டர் உள்ளே அவர் ஊர். இருபது வயதில் துபாய்க்குப் போனவர். அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் கழுவுகிற வேலையில் தொடங்கி, சொந்தமாகக் கார் கழுவும் நிலையம் வைத்து, பிறகு உதிரி பாகக் கடைகள் வைத்து, பெரிய ஆளாகிவிட்டார். வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருவார். நான் போனபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை வருசமா ஓட்டுறீங்க?"

"இருபத்து நாலு வருசங்க."

"ஆக்சிடென்ட்டு?"

"ஒரு தடவை ஆடு. அதுவும் அதுவா வந்து விழுந்ததுங்க."

"சரி. இங்க ஓட்ட வேண்டியதில்லை."

"பின்னங்க?"

"ஓடாமப் பாத்துக்கணும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் சேர்ந்த முதல் மாதமே அந்த மஞ்சள் கார் வந்தது. உலகத்திலேயே மிகக் கொஞ்சம் வண்டிகள்தான் செய்தார்களாம். நம் நாட்டுக்கு வந்தவற்றைக் கைவிரல்விட்டு எண்ணிவிடலாமாம். கையால் கியர் போடுகிற கடைசி வகை என்பதால் அதற்கு இன்னும் மவுசு. முதலில் வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர், அவரும் ஓட்டாமல்தான் வைத்திருந்தார். நாலு பக்கமும் மூடிய லாரியில் வந்த காரை மெயின் ரோட்டிலேயே இறக்கினார்கள், ஏனென்றால் லாரி எங்கள் தெருவில் திரும்பாது. காருக்கும் தெரு ஒத்துவரவில்லை. அதன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்தான் இடைவெளி. தெருவில் மூன்று வேகத்தடைகள். ஒன்று பள்ளிக்கூடத்துக்காக, ஒன்று கோவிலுக்காக. மூன்றாவது முன்னாள் தலைவர் வீட்டு வாசலில் இருக்கிறது, காரணம் தெரியாது.

சென்ட்ரிங் வேலைக்காரர்களிடம் பலகைகளை வாங்கி, ஒவ்வொரு தடைக்கும் முன்னேயும் பின்னேயும் சரிவாகப் போட்டோம். லாரியோடு வந்த கம்பெனி ஆள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் மாதிரி நாங்கள் இரண்டு பக்கமும் குனிந்தபடியே நடந்தோம். கருப்பையா அண்ணன் முன்னால் நடந்தார், ஊர் பின்னால் வந்தது. அரை கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம். நடுவில் ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, டிரைவர் இறங்கி வந்து அவரும் ஒரு பலகையைப் பிடித்தார். ஷெட்டுக்குள் விட்டதும் அண்ணன் மீட்டரை எட்டிப் பார்த்து, "தொண்ணூத்தேழு" என்றார். கோவிலில் விபூதி வாங்குகிற பாவனையில் இரண்டு கையையும் சேர்த்து வைத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஆரோக்கியசாமி சார் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் வண்டிப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷெட்டுக்கு அவர்தான் பொறுப்பு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார். யாரையும் திட்ட மாட்டார். தப்பு செய்தால் செய்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார், நமக்கு வியர்த்துவிடும். ஒரு முறை நான் கார் கதவைச் சாதாரணமாகச் சாத்தினேன். அவர் கதவைப் பார்த்தார். நான் திறந்து, இரண்டு விரலால் அழுத்திச் சாத்தினேன். அவர் கதவைப் பார்ப்பதை நிறுத்தினார்.

ஓடாமல் ஒரு காரை வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நிறுத்தியே வைத்தால் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும். பேட்டரி செத்துவிடும். ஆயில் கீழே இறங்கிவிடும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்துவிடும். சில வருடங்களுக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து இன்ஜினையே வெளியே இறக்கி ஒரு பெல்ட்டை மாற்றுவார்கள். போன தடவை மாற்றிய பெல்ட் புதிதாகவே இருக்கும். அதை வெளியே எடுத்து, அதைவிடப் புதியதைப் போடுவார்கள். ஆரோக்கியசாமி சார் பக்கத்தில் கைகட்டி நிற்பார்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சடங்கு. சடங்கு என்பது நான் வைத்த பெயர், அவர் 'ஸ்டாண்டிங் ஆர்டர்' என்பார். கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட், செல்போன் எல்லாம் மேசைமேல். செருப்பு வெளியே. நாலு டயருக்கும் காற்று பார்க்கணும். பேட்டரி சார்ஜர் வயரைக் கழற்றணும். புகைக்குழாயில் ஒரு ஹோஸைச் சொருகி ஜன்னல் வழியே வெளியே விடணும். அதன்பிறகு சாவியைத் தருவார். நான் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வேன். வெள்ளிக்கிழமை அந்த உறுமலைக் கேட்டுத்தான் டீக்கடைக்காரர் இரண்டாவது ஈடு வடை போடுவார். இன்ஜின் சூடேறியதும் முதல் கியர். ஷெட் தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார், நடுவே சரியாக ஆறு அடி. முன்கோடு வரைக்கும் போய் நிறுத்தணும். முன்கோட்டுக்கும் சுவருக்கும் ஒரு அடிதான் இடைவெளி. சுவரோரமாக அவர் கையைத் தூக்கி நிற்பார், கை இறங்கினால் பிரேக். பிறகு ரிவர்ஸ், ஆறு அடி பின்னால். ஆஃப்.

அப்புறம் நோட்டில் எழுதணும். தேதி, சூடு, காற்று, மீட்டர், டிரைவர் கையெழுத்து. அதற்குக் கீழே அவர் மேல்கையெழுத்துப் போடுவார். ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியது கிடையாது. பெரிய வெள்ளியன்று மட்டும் காலை ஏழு மணிக்கே முடித்துவிட்டுக் கோவிலுக்குப் போவார். புயல் அடித்த வாரம் ஊரில் தென்னை ஒன்று மிச்சமில்லை, பத்து நாளைக்குக் கரண்ட் இல்லை, குடிதண்ணீருக்கு லாரி வந்தது. எங்கள் ஷெட்டில் ஜெனரேட்டர் ஓடியது. காருக்கு ஈரப்பதம் ஆகாது. என் வீட்டு ஓடுகள் பறந்துபோயிருந்தன. நான் அந்த வாரமும் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் ஒரு தனி ரகம். திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்து எல்லாம் வருவார்கள். யாரும் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்க மாட்டார்கள். முதல் கேள்வியே "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். "தொண்ணூத்தேழு" என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு பல் டாக்டர் சீட்டை மோந்து பார்க்க அனுமதி கேட்டார், கொடுத்தோம், மோந்துவிட்டு ஷெட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். இன்னொருவர் பெடலில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உரை இன்னும் இருப்பதைப் பார்த்து, "உரிக்கவே இல்லையா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் கல்யாணத்துக்கு வாங்கிய சோபாவில் பிளாஸ்டிக் உரையை உரிக்காதவர்களை நாம் கிண்டல் செய்கிறோம். அதையே மஞ்சள் காரில் செய்தால் கும்பிடுகிறார்கள். பஸ்ஸில் இருக்கும்போது ஒரு வண்டி தொண்ணூற்றேழு கிலோமீட்டர்தான் ஓடியது என்றால், அதில் என்ன ரிப்பேர் என்று கேட்டிருப்போம்.

இப்படி ஆறு வருடம் போனது. அப்புறம் அண்ணன் காரை விற்பதாக முடிவு செய்தார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாங்குகிறவர் மும்பையில் பெரிய சேகரிப்பாளர். பேச்செல்லாம் முடிந்து, 'மீட்டரில் தொண்ணூற்றேழு' என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று. வண்டியைச் சோதிக்க அவர் அனுப்பிய ஒரு மும்பைக்காரர் விமானத்தில் திருச்சிக்கு வந்து, அங்கிருந்து கார் பிடித்து வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, சின்ன டார்ச்சை வைத்து, பெயின்ட் கனத்தை ஒரு கருவியால் அளந்து, இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மீட்டர் எரிந்தது. ஹிந்தியில் ஏதோ சொன்னார்.

அப்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களில் ஹிந்தி தெரிந்தவர் ஆரோக்கியசாமி சார் ஒருவர்தான். அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. குனிந்து தானே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "தொண்ணூத்தெட்டுங்கறார்" என்றார்.

அண்ணன் ஓடி வந்து பார்த்தார். தொண்ணூற்றெட்டுதான். மும்பைக்காரர் வருடத்துக்கு ஒன்றாக இருந்த ஆறு வெள்ளிக்கிழமை நோட்டுகளையும் கேட்டு வாங்கிப் புரட்டினார். ஆறு வருடமும் தொண்ணூற்றேழு. நாலு நாளைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் தொண்ணூற்றேழு, கீழே என் கையெழுத்து. ஆக, இந்த நாலு நாளில் கார் ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எங்கள் ஷெட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போய்த் திரும்பினால் சரியாக ஒரு கிலோமீட்டர்.

"செல்வராசு, எடுத்தீங்களா?" என்றார் அண்ணன்.

"இல்லைங்க."

"ஒரு கிலோமீட்டர்தானே. ஆசை யாருக்கும் வாரதுதான். எங்கிட்டுப் போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்கிட்டும் போகலைங்க. மூணு வேகத்தடை இருக்கு, யாருக்கும் தெரியாம எப்படிங்க எடுக்க முடியும்?"

"பலகை ஷெட்டுலதானே கெடக்கு?"

நான் ஆரோக்கியசாமி சாரைப் பார்த்தேன். அவர் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் கையை நீட்டி, "ஷெட்டு சாவியக் குடுங்க. நாளைக்கிப் பேசிக்கலாம்" என்றார். கொடுத்தேன். இருபத்து நாலு வருடம் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றி இறக்கியவன், ஒரு டிக்கெட் தகராறுகூட என் பெயரில் கிடையாது. டிரைவர் தொழிலில் சொல்லாமல் வண்டி எடுத்தவன் என்று பெயர் வந்தால், திருட்டுப் பட்டத்துக்கு ஒரு படிதான் கீழே.

என் மனைவி ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏங்க, நெசமாவே ஓட்டலையா?" என்றாள்.

"நீயுமா?"

"சும்மா கேட்டேன். ஓட்டியிருந்தா என்னையும் ஏத்திக்கிட்டுத்தான் போயிருப்பீங்க. விடுங்க."

அந்த நிலைமையிலும் அது எனக்குப் பெரிய சான்றிதழாக இருந்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு மும்பைக்காரரிடம் போக முடியாது.

மறுநாள் விடிந்ததும் ஆரோக்கியசாமி சார் என் வீட்டுக்கு வந்தார். ஆறு வருடத்தில் அது முதல் தடவை. மொபெட்டின் முன்னால் ஆறு நோட்டுகளையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். காப்பி வேண்டாம் என்றார். உட்கார்ந்தார்.

"டிரைவர், நீங்க மீட்டரக் கடைசியாப் பாத்தது எப்ப?"

யோசித்தேன். வெள்ளிக்கிழமை வண்டியில் உட்கார்ந்தால் என் கண் கோட்டின் மேலும் அவர் கையின் மேலும்தான் இருக்கும். ஒரு அடிக்கு அப்பால் சுவர். இறங்கி வந்து நோட்டில் தொண்ணூற்றேழு என்று எழுதுவேன். எப்போதும் தொண்ணூற்றேழுதானே. மாறாத ஒன்றை எதற்குப் பார்ப்பது? வெட்கமாக இருந்தது, ஆனால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"தெரியலைங்க சார். மொத வருசம் பாத்திருப்பேன்."

"நானும் பாக்கலை" என்றார். "பாக்காமத்தான் மேல்கையெழுத்துப் போட்டிருக்கேன். முன்னூத்திச் சொச்சம் கையெழுத்து."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். வாரம் ஆறு அடி முன்னால், ஆறு அடி பின்னால், மொத்தம் பன்னிரண்டு அடி. முந்நூறு வாரம் என்று வைத்தாலே மூவாயிரத்து அறுநூறு அடி. ஒரு கிலோமீட்டர் என்பது மூவாயிரத்து இருநூற்று எண்பத்தோரு அடி.

"சார்," என்றேன், "அப்ப வண்டி..."

"ஷெட்ட விட்டு வெளிய வரலை. ஷெட்டுக்குள்ளயே ஒரு கிலோமீட்டர் போயிருக்கு." தாளை மடித்தார். "ரிவர்ஸுலயும் மீட்டர் ஏறும்னா கணக்கு சரி. ஏறாதுன்னா தப்பு. அது எனக்குத் தெரியாது."

ஷெட்டுக்குப் போனோம். அண்ணனும் மும்பைக்காரரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஆரோக்கியசாமி சார் விறைப்பாக நின்று, முதலில் தமிழிலும் பிறகு ஹிந்தியிலும் கணக்கைச் சொன்னார். மும்பைக்காரர் மரியாதையாகக் கேட்டார். காகிதத்தில் சரி, வண்டியில் நிரூபியுங்கள் என்றார். அண்ணன் ஓட்டுகிற கறுப்புக் காரில் செய்து காட்டுகிறோம் என்றோம். அது வேறு கம்பெனி மீட்டர், செல்லாது என்றார்.

இதே காரில் என்றால் ட்ரிப் மீட்டரை, அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிக் கணக்குக் காட்டுகிற சின்ன மீட்டரை, சுழியில் வைத்து, புள்ளி ஒன்று காட்டும் வரை முன்னும் பின்னுமாக நூறு மீட்டர் ஓட்டணும். நான் ஓட்டவில்லை என்று நிரூபிக்க நான் ஓட்டணும். அதற்கும் மேலே ஒரு சிக்கல். வந்த நாளில் தொண்ணூற்றேழுக்குப் பின்னால் எவ்வளவு புள்ளி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது தொண்ணூற்றெட்டின் தொடக்கத்தில் இருக்கலாம், முடிவிலும் இருக்கலாம். அந்த நூறு மீட்டரில் தொண்ணூற்றொன்பது ஆகிவிடலாம். மும்பைக்காரர் போனில் பேசிவிட்டு வந்தார். ஒன்றைப் பொறுத்துக்கொள்வது பற்றி வேண்டுமானால் யோசிப்பார்களாம். இரண்டு கூடினால் வியாபாரம் இல்லை.

"ஆகாதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"முடியாதுங்க. ஆகலாம்" என்றார் ஆரோக்கியசாமி சார்.

"பின்ன எதுக்கு? அவரு நல்லவருதான், நான் எதுவும் சொல்லலை, இதோட விட்டுருவோம். தொண்ணூத்தெட்டுன்னு பேசி முடிச்சிருவோம்."

"விட்டா அவரு எடுத்ததாத்தான் அர்த்தம். ஊருக்குள்ள அப்படித்தான் பேசுவாங்க." ஆறு வருடம் ஆறு அடிக்கு மேல் ஒரு அங்குலம் போகவிடாத மனிதர் அவர். "ஓட்டிப் பாக்கணுங்க" என்றார்.

அண்ணன் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். அவர் அந்தக் காரை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கு வந்தால் முதலில் ஷெட்டுக்கு வந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். அந்த நேரத்தில் எனக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. கடைசியில் "ஓட்டுங்க" என்றார்.

மோதிரம், கடிகாரம், பெல்ட் எல்லாம் மேசைமேல் வைத்தேன். அன்றைக்குப் புதன்கிழமை, ஆனால் ஒழுங்கு அதேதான். ஹோஸ் சொருகினோம். ஸ்டார்ட் செய்தேன். ஆரோக்கியசாமி சார் சுவரோரம் கையைத் தூக்கினார். மும்பைக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கினார். முன்னால் ஆறு அடி, பின்னால் ஆறு அடி. அவர் ஹிந்தியில் எண்ணினார், வெளியே அண்ணன் தமிழில் எண்ணினார். முன்னால் போவதும் பின்னால் வருவதும் இரண்டுமே மீட்டரில் ஏறுமென்றால் இருபத்தேழைத் தாண்டி இருபத்தெட்டில் புள்ளி ஒன்று விழணும் என்று ஆரோக்கியசாமி சார் முன்பே தாளில் எழுதி மடித்து மேசைமேல் வைத்திருந்தார். பத்து ஆனது. இருபது ஆனது. கிளட்ச் மிதித்து முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது. இருபத்தைந்து. சுழிதான். இருபத்தேழு முன்னால், இருபத்தேழு பின்னால். சுழிதான்.

இருபத்தெட்டு. வண்டி முன்கோட்டை நெருங்கியது, சார் கை இறங்கியது, பிரேக் போட்டேன். புள்ளி ஒன்று.

மேலே பெரிய மீட்டர் தொண்ணூற்றெட்டிலேயே இருந்தது. மும்பைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "ஒங்களுக்குக் கை குடுக்கணுங்கறார்" என்றார் ஆரோக்கியசாமி சார். கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, பெல்ட் இல்லாத பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஆரோக்கியசாமி சார் மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அதிகப்படியான ஒரு கிலோமீட்டர் தன் உத்தரவின்படி ஓடியது, மீட்டரைப் பார்க்காமல் மேல்கையெழுத்துப் போட்டதும் தானே, டிரைவர் மேல் குற்றமில்லை என்று. படித்துப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு குறை இருந்தது. "சார், உத்தரவு ஒங்களோடதுதான். ஆனா ஓட்டினது நானு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வழக்கமாகத் தப்பு செய்த இடத்தைப் பார்க்கிற பார்வை அல்ல. 'டிரைவர் செல்வராசு ஓட்டியது' என்று ஒரு வரியைச் சேர்த்தார். அவர் என் பெயரை எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மும்பையில் வாங்குகிறவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பயங்கரக் குஷி ஆகிவிட்டாராம். ஷெட்டை விட்டு வெளியே வராமலே ஒரு கிலோமீட்டர் ஓடிய வண்டி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். தொண்ணூற்றெட்டாகவே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த ஆறு நோட்டும் கடிதமும் கூடவே வரவேண்டும் என்றாராம். இப்போது கண்காட்சியில் காருக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நோட்டுகள் இருப்பதாக வீடியோவில் தெரிகிறது. என் கையெழுத்தைப் பார்க்கச் சீட்டு வாங்கிப் போகிறார்கள்.

வண்டி போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். ஆரோக்கியசாமி சார் கிளம்பியிருந்தார். அண்ணன் தரையில், மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"துபாய்ல கார் கழுவுனேன்ல. அந்த வீட்டுல ஒரு நா, நாம் பாத்துக்கிட்ட வண்டியில சைடுல ஒரு கோடு விழுந்திருந்துச்சு. நான் எடுத்து ஓட்டிட்டேன்னு சொன்னாங்க. நான் கதவத் தொறந்ததே இல்ல, வெளிய மட்டுந்தான் தொடக்கணும். எடுக்கலைன்னு சொன்னேன். ஒரு ரவுண்டுதானே, ஒத்துக்கன்னாங்க. அன்னைக்கே அனுப்பிட்டாங்க. கணக்குப் போட்டுக் காட்ட எனக்கு ஒரு ஆள் இல்லை. அதே வார்த்தைய நானே ஒங்ககிட்டக் கேட்டுட்டேன் பாருங்க."

"விடுங்கண்ணே" என்றேன்.

அவர் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "வீட்டுல அவங்களையும் கூப்பிட்டுக்கங்க. அறந்தாங்கி வரைக்கும் போயிட்டு வாங்க. தொண்ணூத்தொம்பதோ நூறோ, ஆயிட்டுப் போகுது. நாம் பேசிக்கிறேன்."

ஆசை இருந்ததா என்றால், இருந்தது. அவர் சொல்லும்போதே ராசாத்தி பக்கத்து சீட்டில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. இன்று வரைக்கும் தெரிகிறது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"வேணாங்கண்ணே. எடுக்கலைன்னு சொல்லியிருக்கேன். இப்ப எடுத்தா அது பொய்யாயிரும்."

அவர் தரையில் கையூன்றி எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். சாவியைத் திருப்பிக் கொடுக்க நான் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவர் வாங்கவில்லை. மறுநாள் காலையில் லாரிக்காரர்கள், இந்தத் தடவை தெருவுக்குள் ஷெட் வரைக்கும் வரக்கூடிய சின்ன லாரியோடு, வந்து கேட்கும் வரை அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. வண்டியை ஏற்றும்போது மும்பைக்காரர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டார், தொண்ணூற்றெட்டு.